மெல்பர்ன் யாரா வேலி ஒயின் டே ட்ரிப்: 7 பேர், அதுல 2 பேர் குடிக்கமாட்டாங்க, போயிட்டு வந்தவங்க கொஞ்சம் சொல்லுங்களேன்

செங்காங்_சுந்தரி | 12 நவம்பர், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். மார்ச் ஸ்கூல் லீவுல மெல்பர்ன் போறோம், டிக்கெட் போட்டாச்சு, அதனால "பெர்த் போங்களேன், கிட்டக்க"ன்னு யாரும் ஆரம்பிச்சுடாதீங்க ப்ளீஸ். அதுல ஒரு நாள் பக்கத்துல இருக்குற யாரா வேலிங்கற திராட்சைப் பள்ளத்தாக்குக்குப் போயி ஒயின் டேஸ்டிங், அப்படியே அங்க ஹீல்ஸ்வில்லுங்கற ஊர்ல ஒரு ஜின் டிஸ்டிலரியும் பார்த்துட்டு வரணும்னு எங்க வீட்டுக்காரர் ரெண்டு வருஷமா சொல்லிட்டே இருக்காரு. மொத்தம் 7 பேர். நானு, அவரு, எங்கக்கா (டீச்சர், அதான் ஸ்கூல் லீவு), அத்தான், அவரோட ஆபீஸ் கூட்டாளி ரெண்டு பேரு, அப்புறம் எங்க மாமியார். மாமியார் தொடவேமாட்டாங்க, ஆனா ஹோட்டல்ல தனியா விட்டுட்டுப் போக முடியாது. அக்கா சுத்த சைவம், ஆனா ஒயின் ஒரு கிளாஸ் எடுத்துக்குவா. அத்தான் குடிய விட்டு ஆறு வருஷம் ஆச்சு.

என் கேள்வி மூணு. கார் எடுத்துட்டு நாங்களே ஓட்டலாமா இல்ல சின்ன குரூப் டூர்ல சேரணுமா? ஒரு நாளைக்கு எத்தனை இடம்? திரும்பி சிங்கப்பூர் வரும்போது சாங்கி ஏர்போர்ட்ல எத்தனை பாட்டில் விடுவாங்க? எங்க வீட்டுக்காரர் எக்செல்ல பட்டியல் போட்டு வெச்சிருக்காரு, ஒரே நாள்ல 6 இடம். எனக்கென்னவோ பயமா இருக்கு.


ஜூரோங்_மாமா | 12 நவம்பர், இரவு 10.05

ஒயின்லாம் வெறும் திராட்சை ஜூஸ்மா. நேரா விஸ்கிக்குப் போங்க. மெல்பர்ன் டவுன்லயே போர்ட் மெல்பர்ன்ல ஸ்டார்வார்ட் இருக்கு, ஆஸ்திரேலிய ஒயின் இருந்த பீப்பாய்ல ஊற வெச்ச விஸ்கி. ஒரு மணி நேரம் பஸ்ஸுல ஒக்காந்து எதுக்கு?


செங்காங்_சுந்தரி | 12 நவம்பர், இரவு 10.11

மாமா, மலையும் தோட்டமும் பார்க்கத்தான் நான் போறதே 😅


காப்பி_ஓ_கொசோங் | 12 நவம்பர், இரவு 11.30

நான் மெல்பர்ன்ல நாலு வருஷம் படிச்சேன், யாரா வேலி எத்தனை தடவைன்னு கணக்கே இல்ல. ஒண்ணே ஒண்ணு சொல்றேன், அந்த எக்செல்ல முதல்ல டெலீட் பண்ணுங்க.

ஆறு இடம் முடியவே முடியாது. நேரம் பத்தாதுன்னு மட்டும் இல்ல, நாக்கு செத்துடும். மூணாவது இடம் தாண்டினா எல்லா ஒயினும் ஒரே ஒயின்தான், காசு குடுத்து வாய கழுவுற மாதிரி. நான் படிச்சு முடிச்சப்புறம் அப்பா அம்மா வந்தாங்க, அவங்கள ஒரு டூர்ல கூட்டிட்டுப் போனேன், கம்பெனி பேரு வேணாம். "சின்ன குரூப்"னு போட்டிருந்தான், வந்து நின்னது 24 சீட் பஸ். அஞ்சு இடம். ஒவ்வொரு எடத்துலயும் முப்பது நிமிஷம், அதுல பத்து நிமிஷம் டாய்லெட் க்யூ. கடைசி எடத்துல நின்னுக்கிட்டே ஊத்திக் குடுத்தாங்க, அப்பாவுக்கு அந்த ஊத்தின ஒயின் பேரு கூடத் தெரியாது. சாப்பாடு சேர்த்துன்னு சொன்னதுக்கு சீஸ் தட்டு ஒண்ணு ஆறு பேருக்கு. அம்மா பையில இருந்த முறுக்குதான் அன்னிக்கு லஞ்ச்.

அதனால புக் பண்ணும்போது வண்டியில எத்தனை சீட்டு, எடத்துக்கு எத்தனை நிமிஷம், இத ரெண்டையும் எழுத்துல கேளுங்க. நீங்க 7 பேர் இருக்கீங்க, ஆளுக்கு இவ்வளவுன்னு டூர்ல குடுக்குற காசுக்கு ஒரு வேன் ட்ரைவரோட தனியாவே எடுத்துடலாம், கிட்டத்தட்ட அதே செலவுதான் வரும், எங்க எவ்வளவு நேரம்னு நீங்களே முடிவு பண்ணலாம்.

ரெண்டு ஒயின், ஒரு ஜின். அதான் என் கணக்கு. ஜின் கடைசில. ஜின் மாதிரி ஸ்பிரிட் ஒரு தடவை நாக்குல பட்டுச்சுன்னா அதுக்கப்புறம் பினோ நுவார்னு லேசான சிவப்பு ஒயின்லாம் தண்ணி மாதிரி இருக்கும். நல்லவேளையா ரூட்டும் அப்படியே அமையுது, மெல்பர்ன்லேருந்து போனா யாரா க்ளென், கோல்ட்ஸ்ட்ரீம் பக்கத்து தோட்டம்லாம் முதல்ல வருது, ஹீல்ஸ்வில் அதத் தாண்டி.


தேக்கா_டூ_யீஷூன் | 13 நவம்பர், காலை 7.15

> கார் எடுத்துட்டு நாங்களே ஓட்டலாமா

ஓட்டலாமே. ஓட்டுறவர் டேஸ்ட் பண்ணிட்டு துப்பிட்டா போச்சு. எல்லா எடத்துலயும் துப்புறதுக்கு வாளி வெச்சிருப்பாங்க. எதுக்கு வேன் காசு?


வரிக்குதிரை | 13 நவம்பர், காலை 8.50

நம்ம ஆளுங்க எத்தனை பேர் நிஜமா துப்புவாங்க? காசு குடுத்தத துப்ப மனசு வராது. கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு ஊத்து சுமார் 25 மில்லி, ஒரு எடத்துல 6 வகை, 4 இடம் போனா 600 மில்லி. 13 சதவீத ஒயின்னா அதுல சுத்தமான ஆல்கஹால் 61 கிராம் சொச்சம். ஆஸ்திரேலியாவுல ஒரு ஸ்டாண்டர்ட் ட்ரிங்க்குன்னா 10 கிராம், அப்ப ஆறு ட்ரிங்க். கொஞ்சம் கொஞ்சமா ஊத்துறதால தெரியவே தெரியாது. முக்கா பாட்டிலுக்கு மேல குடிச்சிருப்பாரு, "நான் சும்மா ருசிதான் பார்த்தேன்"னு சொல்லுவாரு.

இன்னொண்ணு, லிமிட் நம்ம ஊரு மாதிரி இல்ல. சிங்கப்பூர்ல ரத்தத்துல 100 மில்லிக்கு 80 மில்லிகிராம், மெல்பர்ன் இருக்குற விக்டோரியா மாநிலத்துல முழு லைசென்ஸ்காரருக்கே 0.05, அதாவது 50. ரோட்டோரம் பூஸ் பஸ்ஸுன்னு போலீஸ் வண்டி நிப்பாட்டி வர்ற கார எல்லாம் நிறுத்தி ஊதச் சொல்லுவாங்க.


செங்காங்_சுந்தரி | 13 நவம்பர், மதியம் 12.40

இத அப்படியே எங்க வீட்டுக்காரருக்கு ஃபார்வர்ட் பண்ணிட்டேன். கார் கேன்சல். எக்செல்ல இன்னும் 4 இடம் மிச்சம் இருக்கு, பேச்சுவார்த்தை நடக்குது.


மௌனசாமி | 13 நவம்பர், மதியம் 1.22

வயசான மாமியார கூட்டிட்டு ஒயின் குடிக்கப் போறது ஒரு ட்ரிப்பா? நம்ம பண்பாடு எங்க போகுதுன்னு தெரியல. எங்க தாத்தா தலைமுறைல கள்ளுக்கடையால இந்த ஊர்ல எத்தனை குடும்பம் அழிஞ்சுதுன்னு கேட்டுப் பாருங்க.


காப்பி_ஓ_கொசோங் | 13 நவம்பர், மதியம் 1.50

அண்ணே, கள்ளுக்கடை பத்தி நீங்க சொல்றது சரி, எங்க வீட்லயும் அந்தக் கதை உண்டு. ஆனா பண்பாடுன்னு ஆரம்பிச்சா நான் புதுச்சேரி பக்கத்து அரிக்கமேட்டுக்குப் போவேன். அங்க தோண்டுனப்ப ரோமாபுரி ஒயின் ஜாடி ஒடஞ்ச துண்டு அவ்ளோ கெடச்சுது, ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே கப்பல்ல எறக்குமதி பண்ணிக் குடிச்ச ஆளுங்க நாம. மதுவுக்கு தேறல்னு அழகா ஒரு வார்த்தையே வெச்சிருந்தோம்.


மௌனசாமி | 13 நவம்பர், மதியம் 2.04

குடிச்சது ராஜாங்க. அழிஞ்சது கூலிக்காரன். ரெண்டும் ஒண்ணில்ல தம்பி.


காப்பி_ஓ_கொசோங் | 13 நவம்பர், மதியம் 2.10

அது பாயிண்ட்டு. ஒத்துக்குறேன்.


நூர்_தெம்பனிஸ் | 13 நவம்பர், மாலை 6.35

சுந்தரிக்கா, நான் குடிக்கமாட்டேன், ஆனா போன வருஷம் ஆபீஸ் டீமோட யாரா வேலி போனேன். குடிக்காதவங்க பக்கத்துலேருந்து சொல்றேன், ஏன்னா இத யாரும் எழுதமாட்டாங்க.

மொத எடம் ஜாலியா இருக்கும். தோட்டம், மலை, ஃபோட்டோ. ரெண்டாவது எடத்துல எல்லாரும் சிரிக்க ஆரம்பிப்பாங்க, நமக்கு ஜோக்கு புரியாது. மூணாவது எடத்துல நாம வேன்ல ஒக்காந்து ஃபோன் பார்ப்போம். எங்க டூர்ல எனக்கும் அதே காசுதான் வாங்கினாங்க, டேஸ்டிங் வேணாம்னா விலை கொறைப்பீங்களான்னு முன்னாடியே கேட்டிருக்கணும், நான் கேக்கல.

உங்க மாமியாருக்கு ஹீல்ஸ்வில் சாங்சுவரி போதும், கங்காரு, கோலா, பிளாட்டிபஸ் எல்லாம் இருக்கு, நிழல்ல நடக்கலாம். யாரா க்ளென் பக்கம் பெரிய சாக்லேட் கடை ஒண்ணும் இருக்கு. குரூப்ப ரெண்டா பிரிச்சு அவங்கள சாங்சுவரில எறக்கிவிட்டுட்டு மத்தவங்க ஜின் கடைக்குப் போகலாம், ரெண்டும் ஒரே ஊர்தான்.

அத்தான் பத்தி நீங்க ஒரு வரில முடிச்சுட்டீங்க. தப்பா நினைக்காதீங்கக்கா. ஆறு வருஷமா விட்டவர அந்த வாசனைக்குள்ள நாள் முழுக்க நிக்க வைக்கிறது சின்ன விஷயம் இல்ல. எங்க டீம்ல ஒருத்தர் அப்படித்தான், "எனக்கு ஒண்ணும் இல்ல"ன்னு சிரிச்சிக்கிட்டே வந்தாரு, நடுவுல காணோம், பார்த்தா வெளிய பார்க்கிங்ல நின்னுட்டு இருந்தாரு. அவர்கிட்ட தனியா கேளுங்க. எல்லாரும் இருக்கும்போது கேக்காதீங்க.


செங்காங்_சுந்தரி | 13 நவம்பர், இரவு 8.02

நூர், உங்க கடைசி பாராவ மூணு தடவை படிச்சேன். நான் நெஜமா யோசிக்கவே இல்ல. அக்காகிட்ட பேசறேன்.


கம்பத்துக்காரன் | 14 நவம்பர், இரவு 12.20

நைட் ஷிஃப்ட்ல ஒக்காந்து படிச்சேன். நான் தேனிப் பக்கம், எங்க அப்பா பன்னீர் திராட்சை போட்டிருக்காரு, அதான் எங்க கம்பம் பள்ளத்தாக்கு திராட்சை, 2023ல புவிசார் குறியீடு வாங்குச்சே அது. போன பொங்கல் லீவுல நானும் ரெண்டு ரூம்மேட்டும் யாரா வேலி போனோம், ஒயினு புரிஞ்சுதோ இல்லையோ தோட்டம் நல்லா பார்த்தேன்.

எங்க ஊர்ல தலைக்கு மேல பந்தல் போட்டு கொடிய படர விடுவோம், குனிஞ்சுதான் உள்ள போகணும், கொலை தலையில இடிக்கும். அங்க வேலி மாதிரி வரிசை வரிசையா கம்பி கட்டி நிமித்தி விட்டிருக்கான், இடுப்பு ஒசரத்துல காய்க்குது. எங்களுக்கு குளிரே கெடையாது, கவாத்து பண்ணப் பண்ண வருஷம் பூரா மாத்தி மாத்தி அறுப்பு. அவனுக்கு குளிர்காலத்துல கொடி இலை உதுத்துட்டு தூங்கிடுமாம், வருஷத்துக்கு ஒரே அறுப்பு, அது பிப்ரவரிலேருந்து ஏப்ரலுக்குள்ள. நீங்க மார்ச்ல போறதால அறுப்பு நேரம், டிராக்டரும் பெட்டியுமா இருக்கும். நான் போனப்ப ஒரு எடத்துல சொன்னான், குளிர்ச்சியில மெதுவா பழுத்தா இனிப்பு ஏறும்போதே புளிப்பும் தங்குமாம், அந்தப் புளிப்புதான் ஒயினுக்கு உசிராம். ஒரு பழம் குடுத்தான், பட்டாணி சைசு, தோலும் கொட்டையும்தான். எங்கப்பா பார்த்தா இதுக்கு யாரு வெல குடுப்பான்னு கேப்பாரு.

முக்கியமா ஒண்ணு, எங்கயும் வரிசைக்குள்ள எறங்கி ஃபோட்டோ எடுக்காதீக. 2006ல யாரா வேலில ஃபிலாக்சரான்னு வேரு தின்னுற பூச்சி வந்துடுச்சு, கண்ணுக்கு லேசுல தெரியாத சைசு, ஷூ மண்ணுல ஒட்டிக்கிட்டு அடுத்த தோட்டத்துக்குப் போயிரும். வேர்ல போயி ஒக்காந்தா மருந்தே கெடையாது, கொடியப் புடுங்கிட்டு அந்தப் பூச்சிய தாங்குற வேர்ல ஒட்டு போட்ட கன்னு வைக்கணும், மறுபடி காய்க்க மூணு நாலு வருஷம். போர்டு வெச்சிருக்கான், ஆனா நம்ம ஆளுக போர்டுக்குப் பக்கத்துல நின்னே உள்ள எறங்கி செல்ஃபி எடுத்தாங்க. எனக்கு எங்க தோட்டத்துல யாரோ எறங்குன மாதிரி இருந்துச்சு, சத்தம் போட்டுட்டேன்.


காப்பி_ஓ_கொசோங் | 14 நவம்பர், காலை 9.12

நாலு வருஷம் இருந்தும் நான் இத யோசிச்சதே இல்ல பாஸ். நானும் எறங்கி ஃபோட்டோ எடுத்திருக்கேன். பாய்சே, வெக்கமா இருக்கு.

இடம் சொல்றேன். விக்டோரியாவுலயே மொத தோட்டம் யெரிங் ஸ்டேஷன், 1838ல நட்டது. நடுவுல ஒரு காலத்துல ஒயின் படுத்து அந்தப் பக்கம் பூரா பால்மாட்டுப் பண்ணையாப் போயி, 1960கள் கடைசிலதான் மறுபடி நட ஆரம்பிச்சாங்க. இன்னொண்ணு டொமேன் ஷான்டோன், ஃபிரெஞ்சுக்காரங்க மொவெட் ஷான்டோன் 1986ல ஆரம்பிச்சது, நுரை ஒயின்தான் ஸ்பெஷல். ஷாம்பெயின்னு சொல்லக்கூடாது, அந்தப் பேரு ஃபிரான்சுல அந்த ஊர்ல செஞ்சதுக்கு மட்டும். ஆனா செய்முறை அதேதான், பாட்டிலுக்குள்ளயே ரெண்டாவது தடவை புளிக்க வைப்பாங்க, அந்தக் கேஸ் வெளிய போக வழியில்லாம உள்ளயே கரைஞ்சு நுரையாகும். உள்ள இருக்குற அழுத்தம் கார் டயர விட ரெண்டு மடங்குக்கு மேல, அதான் பாட்டில் அவ்ளோ தடிப்பா இருக்கும். ஆரம்பத்துல நுரை ஒயின் எடுத்தா நாக்கு சுத்தமாகும், அங்கேருந்து ஆரம்பிங்க. அப்புறம் ஷார்டனேன்னு வெள்ளை ஒயின், அப்புறம் பினோ நுவார், அப்புறம் ஷிராஸ்னு கனமான சிவப்பு. லேசுலேருந்து கனமா.

இன்னொண்ணு, டானின் டானின்னு பேசுவாங்க, முழிக்காதீங்க. நம்ம துவர்ப்புதான். வாழைக்காய் பிஞ்ச கடிச்சா நாக்குல ஒரு சொரசொரப்பு வரும்ல, ரொம்ப நேரம் ஊறின டீத்தண்ணி குடிச்சா பல்லுல ஒட்டுமே, அதே. ஆறு சுவையில ஒண்ணா வெச்சுருக்கோம், அங்மோ, அதான் வெள்ளைக்காரன், அதுக்கு அரை மணி நேரம் விளக்கம் குடுப்பான். பினோ நுவார் திராட்சைக்கு தோல் மெல்லிசு, அதனால நெறமும் லேசு, துவர்ப்பும் கம்மி. ஷிராஸ் தோல் தடிப்பு, அதான் கருநீலமா வரும்.


செங்காங்_சுந்தரி | 14 நவம்பர், மதியம் 1.05

எங்கக்கா கேக்குறா, ஒயின்ல அசைவம் எதுவும் இருக்குமான்னு. நான் சிரிச்சுட்டேன், திராட்சைல என்னடி அசைவம்னு. சரிதானே?


வரிக்குதிரை | 14 நவம்பர், மதியம் 1.30

சிரிக்காதீங்க, அக்கா கேட்டதுதான் சரி. ஒயின் கலங்கலா இருக்கும், அத தெளிய வைக்க சில பேர் முட்டை வெள்ளைக்கரு, சில பேர் பால் புரதம், சில பேர் ஜெலட்டின், சில பேர் மீனோட காற்றுப்பைலேருந்து எடுக்குற ஐசிங்லாஸ் போடுவாங்க. அது அழுக்கோட அடியில தங்கிடும், மேல தெளிஞ்சத எடுத்துடுவாங்க, ஆனா பட்டிருக்குல்ல. ஆஸ்திரேலியாவுல முட்டை, பால் போட்டு அது மிச்சம் இருந்தா லேபிள்ல போடணும், ஆனா இந்த மீன் சமாச்சாரத்துக்கு ஒயினுக்கும் பீருக்கும் விலக்கு இருக்கு, போடவேண்டியதில்ல. அதனால லேபிள பார்த்து சைவம்னு முடிவு பண்ண முடியாது. பென்டோனைட்னு களிமண் போட்டுத் தெளிய வைக்கிறதும் உண்டு, தெளிய வைக்காமலே விடுறதும் உண்டு. கவுன்டர்ல "வீகனா?"ன்னு ஒரே வார்த்தையில கேட்டா போதும், எந்த பாட்டில்னு எடுத்துக் காட்டிடுவாங்க. நம்ம தெருவுல மோர்க்குழம்புக்குக் கூட இவ்ளோ தெளிவா பதில் வராது.

பாட்டில் கணக்குக்கு வர்றேன், என் பேருக்கே அதான் காரணம். 18 வயசுக்கு மேல இருக்கணும், 48 மணி நேரமாவது வெளிநாட்டுல இருந்திருக்கணும், மலேசியாவுலேருந்து வரக்கூடாது. அப்படின்னா ஆளுக்கு மொத்தம் 2 லிட்டர் தீர்வை இல்லாம. ஸ்பிரிட் 1 லிட்டர் + ஒயின் 1 லிட்டர், இல்ல ஒயின் மட்டும் 2 லிட்டர், இந்த மாதிரி. ஸ்பிரிட் மட்டுமே 2 லிட்டர்னு ஒரு வழி கெடையாது, ஜூரோங் மாமா கவனிக்கவும். ஒயின் பாட்டில் 750 மில்லி, அதனால 2 லிட்டர்ல ரெண்டு பாட்டில்தான் அடங்கும். அப்ப ஆளுக்கு ரெண்டு ஒயின், இல்லைன்னா ஒரு ஜின் ஒரு ஒயின்.

மேல ஒரு பாட்டில் கொண்டாந்தா உலகம் இடிஞ்சுடாது. வரி சுத்தமான ஆல்கஹால் லிட்டருக்கு 88 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). 13 சதவீத ஒயின் ஒரு பாட்டிலுக்கு 0.75 × 0.13 × 88, அதாவது 8 வெள்ளி 58 காசு. பாட்டில் வெல 40 வெள்ளின்னு வெச்சா 9 சதவீத ஜிஎஸ்டி 4 வெள்ளி சொச்சம். மொத்தம் 13 வெள்ளி. இதுக்குப் போயி, வரி கட்ட ஒண்ணும் இல்லாதவங்க போற பச்சை வழில தலைய குனிஞ்சுக்கிட்டு நடக்குறாங்க பாருங்க, எனக்குப் புரியவே இல்ல. சுங்கத்துறைக்கு ஆன்லைன்லயே முன்னாடி கட்டிடலாம், இல்ல சிவப்பு வழில போயி சொல்லுங்க. ஜின்னுக்குத்தான் வலிக்கும், 700 மில்லி, 41.8 சதவீதம்னா வரி மட்டுமே 25 வெள்ளி 75 காசு.


ஜூரோங்_மாமா | 14 நவம்பர், மதியம் 2.15

மாமியாருக்கும் 18 வயசு ஆயிருக்கும்ல? அவங்க 2 லிட்டரும் சும்மாதானே கெடக்கு 😄


வரிக்குதிரை | 14 நவம்பர், மதியம் 2.18

அவங்க சொந்தமா குடிக்கறதுக்குன்னு இருந்தாதான் சலுகை, மாமா. ஆபீசர் கேட்டா அவங்களே பதில் சொல்லணும்.


செங்காங்_சுந்தரி | 14 நவம்பர், மதியம் 2.25

எங்க மாமியார் ஆபீசர்கிட்ட உண்மைய சொல்றதோட நிக்கமாட்டாங்க, எங்க வீட்டுக்காரர் சின்ன வயசுல பண்ணதெல்லாம் சேர்த்து சொல்லுவாங்க. வேண்டவே வேண்டாம்.


தேக்கா_டூ_யீஷூன் | 14 நவம்பர், மாலை 5.48

மெல்பர்ன் ஏர்போர்ட்ல டேக்ஸ் திரும்பக் கெடைக்குமே, டிஆர்எஸ்னு டூரிஸ்ட் ரீஃபண்ட் ஸ்கீம்?


வரிக்குதிரை | 14 நவம்பர், மாலை 6.10

ஒரே கடைல 300 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல, 60 நாளுக்குள்ள வாங்கியிருக்கணும். ஒயினுக்கு ஜிஎஸ்டியோட ஒயின் வரின்னு தனியா 14.5 சதவீதமும் திரும்ப வரும். ஜின், விஸ்கி, பீருக்குக் கெடையாது. ஆனா 300 டாலருக்கு ஒயின் வாங்கினா இங்க சாங்கில வரி கட்ட வேண்டியதாயிடும், அதையும் கணக்குல சேத்துக்கோங்க. பாட்டில் எல்லாம் லக்கேஜ்லதான் போகும், அதனால செக்கின் பண்றதுக்கு முன்னாடியே அங்க சுங்க கவுன்டர்ல காட்டணும், அதுக்கு ஒரு அரை மணி சேர்த்துக் கெளம்புங்க.


செங்காங்_சுந்தரி | 21 மார்ச், இரவு 10.15

போயிட்டு வந்துட்டோம்!! இந்த இழைய மறந்திருப்பீங்க, ஆனா நீங்க எல்லாரும் சொன்னத வெச்சுத்தான் பிளான் பண்ணேன், அதனால கதைய முழுசா எழுதிடறேன், நீளமாத்தான் இருக்கும்.

வேன் எடுத்தோம், 11 சீட்டு, ட்ரைவர் அம்மா ஒருத்தங்க, இலங்கைத் தமிழ், வண்டில ஏறுனதும் "என்ன, பசியாறிட்டீங்களா"ன்னு எங்க வீட்டுக்காரர் கேக்க அவங்க "சாப்பிட்டாச்சு பிள்ளை"ன்னு சொல்ல ரெண்டு பேரும் ஒரு மணி நேரம் தமிழப் பத்தியே சண்டை போட்டுட்டு வந்தாங்க. எக்செல் கடைசில மூணு இடத்துல நின்னுச்சு.

அத்தான்கிட்ட அக்கா தனியா கேட்டா. அவரு கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "ஒயின் எடம் வரேன், தோட்டம் பார்க்கணும், ஜின் கடை வேணாம்"னாராம். அவ்ளோதான். நூர், நீங்க சொல்லலன்னா நாங்க கேட்டிருக்கவே மாட்டோம், அவரும் சொல்லியிருக்கமாட்டாரு.

மொத எடம் ஷான்டோன். காலைல பத்தரைக்கு நுரை ஒயின் குடிக்கறது எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு, மத்தவங்களுக்கு இல்ல. ரெண்டாவது யெரிங் ஸ்டேஷன், அங்க நல்லா ஒண்ணரை மணி நேரம் ஒக்காந்துட்டோம். அக்கா கவுன்டர்ல வீகனான்னு கேட்டா, அந்தப் பொண்ணு சலிச்சுக்காம பட்டியல எடுத்து ஒவ்வொண்ணா விரல் வெச்சுக் காட்டுச்சு. அறுப்பு நடந்துட்டு இருந்துச்சு, காத்துலயே ஒரு புளிச்ச வாடை, தோசமாவு பொங்குன மாதிரி, ஈஸ்ட்டு வாசனையாம். கம்பத்து அண்ணே, நாங்க யாரும் வரிசைக்குள்ள எறங்கல. கூட்டாளி ஒருத்தர் எறங்கப் போனாரு, மாமியார் பின்னாடிலேருந்து "தம்பி, பூச்சி!"ன்னு கத்துனாங்க, அவரு பாம்புன்னு நெனச்சு ஓடியே வந்துட்டாரு.

கட்டணத்துல ஒரு தப்பு பண்ணிட்டோம். டேஸ்டிங் காசு, பாட்டில் வாங்கினா கழிச்சுக்குவாங்கன்னு ஒரு எடத்துல போட்டிருந்துச்சு, ஆனா பில்லு போடும்போதே சொல்லணுமாம், நாங்க வேன்ல ஏறுனப்புறம்தான் பார்த்தோம். போச்சு.

மத்தியானம் ஹீல்ஸ்வில். மாமியாரும் அத்தானும் சாங்சுவரில எறங்கிட்டாங்க, நாங்க ஃபோர் பில்லர்ஸ்ங்கற ஜின் டிஸ்டிலரிக்குப் போனோம். 2013ல ஆரம்பிச்ச கம்பெனியாம், இவ்ளோ பேரு எடுத்திருக்கு. பெரிய பெரிய செம்புப் பானை, ஒண்ணுக்கு வில்மான்னு பேரு, நிறுவனர்ல ஒருத்தரோட அம்மா பேராம். ஜின்ல என்னென்ன போடறாங்கன்னு சொன்னாங்க பாருங்க, ஏலக்காய், கொத்தமல்லி, பட்டை, அன்னாசிப்பூ... நான் எங்க வீட்டுக்காரர பார்த்தேன், அவரு என்னப் பார்த்தாரு, இது பிரியாணிக்குப் போடறதாச்சேன்னு. அதோட ஜூனிபர், முழு ஆரஞ்சு, டாஸ்மேனியா மிளகு இலை, எலுமிச்ச வாசம் அடிக்கற லெமன் மர்ட்டில். சுத்தமா குடிச்சப்ப தொண்டை எரிஞ்சுச்சு, ஒரு சொட்டு தண்ணி விட்டதும் ஏலக்காய் மேல வந்துச்சு, நெஜமாத்தான். அப்புறம் ப்ளடி ஷிராஸ்னு ஒண்ணு, ஷிராஸ் திராட்சைய ஜின்லயே எட்டு வாரம் ஊறப்போட்டு புழிஞ்சு எடுக்கறது. நாவப்பழ கலரு. எனக்கு அன்னிக்குப் பிடிச்சது அது ஒண்ணுதான், அங்க பணம் குடுத்து வாங்குனதும் அது ஒண்ணுதான். கொசோங் சொன்ன மாதிரி அதக் கடைசில வெச்சது நல்லதாப் போச்சு, அதுக்கப்புறம் குடிச்ச தண்ணி கூட ஷிராஸ் மாதிரி இருந்துச்சு.

சாங்சுவரி வாசல்ல ஏத்தும்போது மாமியார் அத்தானோட சேர்ந்து பிளாட்டிபஸ் படம் போட்ட டீத்துண்டு ஆறு வாங்கி வெச்சிருந்தாங்க. "நீங்க குடிச்சு என்னத்தப் பார்த்தீங்க, நாங்க வாத்து மூக்கு எலி பார்த்தோம்"னாங்க. அத்தான் அன்னிக்குப் பூரா ரொம்ப நாளைக்கு அப்புறம் கலகலன்னு இருந்தாரு.

சாங்கில எங்க வீட்டுக்காரர் மூணு ஒயினு, நான் ஒரு ஜின் ஒரு பினோ நுவார். அவரு பச்சை வழிப் பக்கம் நைசா திரும்புனாரு, நான் சட்டையப் புடிச்சு சிவப்புக்கு இழுத்தேன். கட்டிட்டு வந்தோம், ஒரு காப்பி குடிக்கற நேரம் கூட ஆகல.


மௌனசாமி | 21 மார்ச், இரவு 10.40

அத்தான் நல்லா இருந்தாருன்னு கேட்டதுல சந்தோஷம்.


கம்பத்துக்காரன் | 21 மார்ச், இரவு 11.55

"தம்பி, பூச்சி" 😂 அம்மாவ எங்க தோட்டத்துக்கு வாட்ச்மேனா அனுப்பி வைங்க. அப்பாகிட்ட ஃபோன்ல சொன்னேன், ஒரு பாட்டில் என்ன வெலன்னு கேட்டாரு, சொன்னதும் அரை நிமிஷம் பேசல.


ஜூரோங்_மாமா | 22 மார்ச், காலை 8.30

அந்த ப்ளடி ஷிராஸ் எப்ப திறக்கறீங்க? சும்மா கேட்டேன், ஜூரோங்லேருந்து செங்காங் ஒண்ணும் தூரமில்ல.


செங்காங்_சுந்தரி | 22 மார்ச், காலை 9.05

தீபாவளிக்குத்தான் மாமா, அக்கா பொறந்தநாளும் அப்பத்தான் வருது. பூஜை ரூம் இருக்கற பக்கமே வரக்கூடாதுன்னு மாமியார் சொல்லிட்டாங்க, அதனால எல்லாப் பாட்டிலும் இப்ப வாசல் ஷூ அலமாரில மேல் தட்டுல இருக்கு.


வரிக்குதிரை | 22 மார்ச், காலை 9.11

ஜின்னு அவ்ளோ சீக்கிரம் கெடாது. ஆனா ஒயின சாயங்கால வெயில் அடிக்கிற வாசல்ல, 30 டிகிரிக்கு மேல தீபாவளி வரைக்கும் வெச்சீங்கன்னா வெந்துடும், கார்க் மூடின்னா அது கூட வெளிய தள்ளிக்கிட்டு வரும். எடுத்து ஃப்ரிட்ஜ்ல கீழ்த் தட்டுல படுக்க வைங்க. அங்க நிக்க வேண்டியது ஷூ மட்டும்தான்.


செங்காங்_சுந்தரி | 22 மார்ச், காலை 9.13

ஐயோ. ஃப்ரிட்ஜ் கீழ்த் தட்டு பூரா மாமியாரோட இட்லிமாவு. இருங்க, பேசிட்டு வர்றேன்.